மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போடுறது எப்படி? விஎன்சி வழியா, படிப்படியா

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11 போடலாம்னா பழைய மெஷின்ல டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் இல்ல, பிராசஸரும் லிஸ்ட்ல இல்ல. அதனால நம்ம நீலகிரி பக்கம் தேயிலை ஆபீஸ், சொசைட்டி, ஹோம்ஸ்டேன்னு நிறைய இடத்துல நல்லா ஓடிட்டிருக்கிற கம்ப்யூட்டரை என்ன பண்றதுன்னு தெரியாம வச்சிருக்காங்க. லினக்ஸ் போட்டா இன்னும் சில வருஷம் தாராளமா ஓடும். சிக்கல் என்னன்னா மெஷின் பந்தலூர்ல இருக்கு, போடுற ஆள் குன்னூர்ல இருக்கேன். ஊட்டி வந்து, அங்கிருந்து கூடலூர் 50 கிலோமீட்டர், அதுக்கு மேல பந்தலூர் இன்னொரு 25, பஸ்ல போனா ஒரு நாள் அதுக்கே சரியாப் போயிடும், மழையில மரம் விழுந்தா அதுவும் நிச்சயம் இல்ல.

அதனால விஎன்சி, அதாவது இன்னொரு மெஷினோட ஸ்கிரீனை நெட்வொர்க் வழியா பாத்து இயக்குற முறை, அதை வச்சு உட்கார்ந்த இடத்துல இருந்தே, மவுஸால கிளிக் பண்ணி, முழு இன்ஸ்டாலேஷனையும் முடிக்கிற வழி இது. இதுக்குன்னு தேடினப்போ கிடைச்ச குறிப்பெல்லாம் பெரிய டேட்டா சென்டர்ல இருக்கிற சர்வருக்கு எழுதினது. நம்ம ஊர் ரவுட்டரு, நம்ம ஊர் கரண்டு, அந்தப்பக்கம் கம்ப்யூட்டர் பத்தி அதிகம் தெரியாத ஒரு ஆள், இதையெல்லாம் கணக்குல வச்சு யாரும் எழுதல, அதுல மாட்டி முழிச்சதுக்கு அப்புறம் தான் இதை எழுதுறேன்.

நான் எடுத்துக்கிட்டது அல்மாலினக்ஸ் 9ங்கிற லினக்ஸ் வகை. 2032 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும், இன்ஸ்டாலர்லயே விஎன்சி உள்ள இருக்கு. ராக்கி லினக்ஸ் 9க்கும் இதே முறை தான். ஆனா 10ஆம் வெர்ஷனை எடுத்துட்டு இதைப் பாத்து பண்ணாதீங்க, அதுல விஎன்சியை எடுத்துட்டு ஆர்டிபின்னு வேற ரிமோட் முறையை வச்சுட்டாங்க, ஆப்ஷன் பேரே வேற. டெபியன்ல நெட்வொர்க் கன்சோல்னு ஒண்ணு இருக்கு, ஆனா அது எழுத்து ஸ்கிரீன் தான், மவுஸ் கிடையாது.

1. முதல்ல பேப்பர் வேலை

இதை விட்டுட்டு பென்டிரைவ்ல கைய வைக்காதீங்க. டிஸ்க் முழுக்க அழியப் போகுது, அப்புறம் "அந்த ஃபைல் எங்க"ன்னு கேட்டா பதில் இருக்காது.

ஆபீஸ் ஓனர்கிட்ட "டிஸ்க்ல இருக்கிறது எல்லாம் அழியும், பேக்அப் எடுத்தாச்சு, சம்மதம்"னு ஒரு வாட்ஸ்ஆப் மெசேஜாவது வாங்கி வச்சுக்கோங்க. வாயால சொன்னது செல்லாது. பேக்அப் எடுத்த எக்ஸ்டர்னல் டிரைவை வேற ஒரு மெஷின்ல சொருகி, ரெண்டு மூணு ஃபைலைத் திறந்து பாக்கச் சொல்லுங்க. பிறகு அந்த டிரைவைக் கழட்டி பீரோவுல வைக்கச் சொல்லுங்க, மெஷின்லயே சொருகி இருக்கக் கூடாது. ஏன்னு 6ல சொல்றேன்.

டேலி இருந்தா ரொம்ப கவனம். அது விண்டோஸ்ல தான் ஓடும். வேற மெஷினுக்கு மாத்தப் போறாங்கன்னா, அழிக்கிறதுக்கு முன்னாடியே டேலி உள்ள போய் லைசென்ஸை சரண்டர் பண்ணணும், இல்லேன்னா அது பழைய மெஷின் பேர்லயே மாட்டிக்கும். ஜிஎஸ்டி ஃபைல் பண்ண டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வச்சிருந்தாங்கன்னா, அந்த மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கான்னு பாத்துட்டு மேல போங்க. பிரிண்டருக்கும் அதே தான். இந்த ரெண்டுல ஒண்ணு ஓடாதுன்னு தெரிஞ்சா, நேர்மையா சொல்லி விட்டுடுங்க, லினக்ஸ் ஆசையில ஒரு ஆபீஸோட கணக்கு நிக்கக் கூடாது.

2. செலவும் நேரமும்

மென்பொருளுக்கு ஒரு ரூபா கிடையாது. 16 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு, அஞ்சு மீட்டர் லேன் கேபிள் ஒண்ணு, சிஆர்2032 பேட்டரி ஒண்ணு. எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள்ள முடியணும், கடைக்குக் கடை விலை மாறும். யூபிஎஸ் பேட்டரி செத்துப் போயிருந்தா அது தனிச் செலவு, ஆனா அதை மிச்சம் பிடிக்காதீங்க.

அந்த காசு பெறாத பட்டன் பேட்டரி ஏன்னு கேப்பீங்க. மலையில சில்லுனு ஈரமா கிடக்கிற பழைய மெஷின்ல பல நேரம் இந்த பேட்டரி காலியாத்தான் இருக்கும். கரண்ட் போயிட்டு வந்ததும் பயோஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற அடிப்படை செட்டிங்) எல்லாத்தையும் மறந்துடும், தேதி பழைய வருஷத்துக்குப் போயிடும். தேதி தப்பா இருந்தா நெட்ல இருந்து பேக்கேஜ் எடுக்கிறப்போ சர்டிஃபிகேட் எரர் வரும், நீங்க நெட் கோளாறுன்னு நினைச்சு ரவுட்டரைப் போட்டு குடைஞ்சுட்டிருப்பீங்க.

நேரம்: எஸ்எஸ்டி இருந்தா இன்ஸ்டாலேஷன் அரை மணிக்குள்ள முடிஞ்சுடும், பழைய ஹார்ட் டிஸ்க்னா ஒரு மணி நேரம் வச்சுக்கோங்க. முன்னப் பின்ன போன்ல பேசுறது, கேபிள் தேடுறது, சாவி வச்சிருக்கிறவர் டீ குடிச்சுட்டு வர்றதுன்னு மொத்தத்துக்கு அரை நாள் ஒதுக்குங்க. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்கு மழை வெளுத்து வாங்கும், அப்போ ஆரம்பிக்காதீங்க. கோத்தகிரி, குன்னூர் பக்க மெஷின்னா ஐப்பசி கார்த்திகை மழையைத் தவிருங்க. ஈபி மாதாந்திர பராமரிப்பு எந்த நாள்னு பேப்பர்ல வரும், அதையும் பாத்துட்டு நாள் குறிங்க.

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு டெக்னீஷியனைக் கூப்பிட்டா வேலை முடிஞ்சுதுன்னு சிலர் சொல்வாங்க. வெளி மாவட்ட வண்டிக்கு 2024 மே 7ல இருந்து இ-பாஸ் வேணும், அது இலவசம் தான், ஆனா அவரோட ஒரு நாள் கூலியும் பெட்ரோலும் இலவசம் இல்ல.

3. அந்தப்பக்கம் ஒரு லேப்டாப் வேணும்

நிறைய பேர் சறுக்குற இடம் இது. விஎன்சின்னா ஐபி அடிச்சு நேரா உள்ள போயிடலாம்னு நினைப்பாங்க. முடியாது. மெஷினுக்கு ரவுட்டர் குடுக்கிற ஐபி 192.168னு ஆரம்பிக்கிற உள்வீட்டு நம்பர், வெளியில இருந்து அதைத் தொட முடியாது. சரி, வெளியில இருந்து வர்றதை உள்ள இருக்கிற மெஷினுக்குத் திருப்பி விடுற போர்ட் ஃபார்வர்டை ரவுட்டர்ல பண்ணலாமான்னா, ரவுட்டரோட ஸ்டேட்டஸ் பேஜ்ல வேன் ஐபி (ரவுட்டரோட வெளிப்பக்க நம்பர்) என்னன்னு பாக்கச் சொல்லுங்க. அது 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா நீங்க சிஜிநாட்டுக்கு (ஒரே வெளி ஐபியை நெட் கம்பெனி பல பேருக்குப் பங்கு போடுறது) பின்னாடி இருக்கீங்க, போர்ட் ஃபார்வர்ட் என்ன பண்ணினாலும் வேலை செய்யாது. வேலை செஞ்சாலும் பண்ணாதீங்க, விஎன்சில போறது எதுவும் என்கிரிப்ட் ஆகாது, நீங்க அடிக்கிற ரூட் (முழு அதிகாரம் உள்ள யூசர்) பாஸ்வேர்ட் உட்பட.

சுலபமான வழி, அதே ரவுட்டர்ல சேர்ந்த இன்னொரு லேப்டாப். யாரோட பழைய விண்டோஸ் லேப்டாப்பா இருந்தாலும் போதும். அதுல எனிடெஸ்க்ங்கிற ரிமோட் ஆப் போட்டு நீங்க உள்ள போங்க, அதுக்குள்ள டைகர்விஎன்சி வியூவர் இறக்கி வச்சுக்கோங்க. அந்த லேப்டாப்ல இருந்து பக்கத்து மெஷினுக்கு விஎன்சி, உங்க வீட்டுல இருந்து லேப்டாப்புக்கு எனிடெஸ்க். கொஞ்சம் மெதுவா இருக்கும், ஆனா யாரு வேணா பண்ணலாம்.

கமாண்ட் லைன் பழக்கம் இருந்தா, லேப்டாப்ல டெயில்ஸ்கேல் (தூரத்து மெஷின்களை ஒரே பாதுகாப்பான நெட்வொர்க்கா சேர்க்கிற ஆப்) போட்டு, எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான கமாண்ட் லைன் இணைப்பு) டனல்ல 5901 போர்ட்டை உங்க பக்கம் இழுத்துக்கோங்க. இது வேகமும் கூட, பாதுகாப்பும் கூட. என்னைக் கேட்டா இது தான் சரியான வழி, ஆனா முதல் தடவை பண்றவங்க எனிடெஸ்க்லயே ஆரம்பிக்கலாம், தப்பில்ல.

லேப்டாப்ல கவனிக்க வேண்டியது: தூங்கப் போகாத மாதிரி பவர் செட்டிங்கை மாத்துங்க, மூடியை மூடினாலும் ஓடணும், ஏன்னா யாராவது கண்டிப்பா மூடுவாங்க. கெஸ்ட் வைஃபைல சேர்க்காதீங்க, அதுல இருந்து லேன்ல இருக்கிற மெஷின் தெரியாது. மொபைல் ஹாட்ஸ்பாட்ல சேர்த்தாலும் அதே கதை தான்.

4. பென்டிரைவை நீங்களே தயார் பண்ணி அனுப்புங்க

விஎன்சி தானா வர்றதுக்கு பூட் ஆகிறப்போ ஒரு ஆப்ஷன் குடுக்கணும். சின்ன எழுத்துல, இடைவெளி இல்லாம: ஐ, என், எஸ், டி, ஒரு புள்ளி, வி, என், சி. அதுக்கு அடுத்து ஒரு ஸ்பேஸ் விட்டு, அதே மாதிரி ஐஎன்எஸ்டி புள்ளி விஎன்சிபாஸ்வேர்ட், ஈக்குவல் குறி, உங்க பாஸ்வேர்ட். பாஸ்வேர்ட் 6ல இருந்து 8 எழுத்துக்குள்ள இருக்கணும். பெருசா வச்சா பாதுகாப்புன்னு பன்னெண்டு எழுத்து வச்சீங்கன்னா, இன்ஸ்டாலர் அதை ஏத்துக்காம, அந்தப்பக்க ஸ்கிரீன்ல நின்னு புதுசு கேக்கும். பாஸ்வேர்டே குடுக்காம விட்டா அந்த நெட்வொர்க்ல இருக்கிற யாரும் உள்ள வரலாம்.

இதை போன்ல சொல்லி அடிக்க வைக்கலாம். யூஇஎஃப்ஐங்கிற புது முறையில பூட் ஆகிற மெஷின்னா மெனுல ஈ அழுத்தி, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசிக்குப் போய் அடிச்சு, கண்ட்ரோல் எக்ஸ். பழைய பயோஸ் மோடுன்னா டேப் அழுத்தி அடிச்சு என்டர். கேக்க சுலபமா இருக்கும். நிஜத்துல, அந்த ஆபீஸ்ல இருக்கிற அக்காகிட்ட போன்ல சொன்னா, இப்படித்தான் போகும்:

"அக்கா, என், எஸ், டி... இல்லக்கா, முதல்ல ஐ."

"ஐ போட்டுட்டேன் தம்பி. புள்ளி எங்க வரணும்? மேலயா கீழயா?"

"கீழ இருக்கிற புள்ளி தான்கா, ஃபுல்ஸ்டாப்."

"அய்யோ, அது தானா எங்கயோ போயிடுச்சு தம்பி, இங்கிலீஷ்ல ஏதோ ஓடுது."

மெனுல கைய வைக்கலேன்னாலும் 60 செகண்டுல தானா பூட் ஆகிடும். அதனால அந்த ஆப்ஷனை ஐஎஸ்ஓங்கிற இன்ஸ்டால் ஃபைலுக்குள்ளயே பதிச்சு அனுப்புங்க. ஃபெடோரா லினக்ஸ்லயோ அல்மாலயோ லோராக்ஸ்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அதுல எம்கேகேஎஸ்ஐஎஸ்ஓன்னு ஒரு டூல் வரும். மைனஸ் சி போட்டு, மேல சொன்ன ரெண்டு ஆப்ஷனையும் மேற்கோள் குறிக்குள்ள குடுத்து, பழைய ஐஎஸ்ஓ பேரு, புது ஐஎஸ்ஓ பேரு. அவ்வளவு தான். புதுசா வர்ற ஐஎஸ்ஓல பூட் பண்ணினா யாரும் எதையும் தொடாமலே விஎன்சி வந்து நிக்கும்.

டிவிடி ஐஎஸ்ஓவையே எடுங்க. அது பெருசு, உங்க வீட்டு நெட்ல நைட்டே இறக்கி வச்சுக்கலாம். சின்ன பூட் ஐஎஸ்ஓ எடுத்தா பேக்கேஜ் எல்லாம் அந்தப்பக்கத்து நெட்ல இருந்து இறங்கணும், மலையில நடுவுல நெட் போனா அங்கயே நின்னுடும். ரூஃபஸ்ங்கிற ஆப்ல பென்டிரைவ்ல எழுதுறதா இருந்தா அது கேக்கிறப்போ டிடி இமேஜ் மோடைத் தேர்ந்தெடுங்க. எழுதினதும் உங்க வீட்டு மெஷின் ஏதாவது ஒண்ணுல பூட் பண்ணி, விஎன்சி ஸ்கிரீன் வருதான்னு பாத்துட்டு, இன்ஸ்டால் பண்ணாம ஆஃப் பண்ணிடுங்க. பாத்த பிறகு தான் கூரியரோ, தெரிஞ்ச டிரைவர் கையிலயோ குடுத்து விடணும்.

5. அந்தப்பக்க ஆள் பண்ண வேண்டியது

வீடியோ கால்ல போனைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொருத்தர் கீபோர்டைத் தொடுற மாதிரி ரெண்டு பேர் இருந்தா நல்லது. வரிசையா:

லேன் கேபிள் சொருகணும். வைஃபை ஆகாது, இன்ஸ்டாலர் ஸ்கிரீன் வந்ததுக்கு அப்புறம் தான் வைஃபைக்கு பாஸ்வேர்டே குடுக்க முடியும், விஎன்சிக்கு அதுக்கு முன்னாடியே நெட் வேணும். சொருகினதும் போர்ட் பக்கத்துல லைட் எரியுதான்னு போனைக் கிட்ட கொண்டு போய் காட்டச் சொல்லுங்க. எங்க மெஷின்ல எரியல. டார்ச் அடிச்சுப் பாத்தா போர்ட்டுக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன கம்பி எல்லாம் பச்சையா களிம்பு ஏறி இருந்துச்சு, மூணு மழைக்காலம் கேபிளே சொருகாம ஜன்னலோரம் கிடந்தா வேற எப்படி இருக்கும். கேபிளைப் பத்து தடவை சொருகி சொருகி எடுத்ததுல லைட் வந்துடுச்சு. வராட்டி யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒண்ணு வாங்கணும்.

அடுத்தது பயோஸ். ஆன் பண்ணினதும் எஃப்2 இல்ல டெலீட். உள்ள போனதும் பாக்க வேண்டியது மூணு. தேதி சரியா இருக்கா. சாட்டா மோட் ரெய்டுன்னு இருந்தா ஏஹெச்சிஐன்னு மாத்தணும், இல்லேன்னா இன்ஸ்டாலர்ல டிஸ்க்கே தெரியாம போகும். கரண்ட் போயிட்டு வந்தா தானா ஆன் ஆகணும்ங்கிற ஆப்ஷன், ஏசி ரெகவரின்னோ ஆஃப்டர் பவர் லாஸ்னோ இருக்கும், அதை பவர் ஆன்னு வைங்க. இந்த மூணாவதை விட்டுட்டா பின்னாடி ஒவ்வொரு பவர் கட்டுக்கும் அக்காவுக்கு போன் போட்டு "பட்டனை அழுத்துங்கக்கா"ன்னு கேட்டுட்டிருக்கணும்.

சேவ் பண்ணிட்டு பென்டிரைவ் சொருகி, பூட் மெனு கீ. டெல், லெனோவோன்னா எஃப்12, ஹெச்பின்னா எஃப்9, அசெம்பிள் மெஷின்னா போர்டைப் பொறுத்து எஃப்8, எஃப்11, எஃப்12. பென்டிரைவ் பேரைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினா அவங்க வேலை முடிஞ்சுது.

இதுக்கு அப்புறம் கருப்பு ஸ்கிரீன்ல எழுத்தா ஓடும். பென்டிரைவைச் சோதிக்கிற வேலை கொஞ்ச நேரம் எடுக்கும், விட்டுடுங்க. கடைசில ஒரு வரி வந்து நிக்கும், விஎன்சி கிளையன்ட்ல இந்த ஐபிக்கு வாங்கன்னு, ஐபிக்குப் பின்னாடி கோலன் போட்டு 1னு இருக்கும். அதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. வாயால படிக்கச் சொல்லாதீங்க. மானிட்டர்ல படம் எதுவும் வராது, எழுத்து மட்டும் தான் நிக்கும்னு முன்னாடியே சொல்லி வைங்க. இல்லேன்னா மெஷின் கெட்டுப் போச்சுன்னு பயந்து யாராவது ஸ்விட்சை அணைச்சுடுவாங்க.

ரேம் ரொம்பக் கம்மியா இருந்தா படமே வராம டெக்ஸ்ட் மோடுக்குப் போயிடலாம். அந்த மெஷினுக்கு ரேம் வாங்கிப் போட்டுட்டு அப்புறம் பாருங்க.

6. உள்ள போய் இன்ஸ்டால் பண்றது

லேப்டாப்ல டைகர்விஎன்சியைத் திறந்து, போட்டோல இருக்கிற மாதிரியே ஐபி, கோலன், 1. போர்ட் நம்பரா கேட்டா 5901. பாஸ்வேர்ட் குடுத்ததும் இன்ஸ்டாலர் வந்துடும். விண்டோஸ்ல கூடவே வர்ற ரிமோட் டெஸ்க்டாப்ல முயற்சி பண்ணாதீங்க, அது வேற பாஷை பேசும். லைன் மெதுவா இருந்தா வியூவர் ஆப்ஷன்ல கலரைக் குறைச்சுக்கோங்க.

மொழி தேர்வுல தமிழும் இருக்கு, ஆபீஸ்ல யாரு உட்காரப் போறாங்கன்னு பாத்து முடிவு பண்ணுங்க. டைம் ஜோன் ஏசியா, கொல்கத்தா.

இப்போ டிஸ்க். இங்க மட்டும் அவசரமே வேண்டாம். இன்ஸ்டாலேஷன் டெஸ்டினேஷன்ல சொருகி இருக்கிற எல்லா டிஸ்க்கும் வரிசையா தெரியும், எக்ஸ்டர்னல் டிரைவ் சொருகி இருந்தா அதுவும் தான். எஸ்டிஏ, எஸ்டிபிங்கிற பேரை நம்பாதீங்க, ஒவ்வொரு பூட்டுக்கும் மாறலாம். சைஸையும் மாடல் பேரையும் பாத்து தேர்ந்தெடுங்க. நேர்ல இருந்தா வயரைக் கழட்டிப் பாத்து உறுதி பண்ணலாம், தூரத்துல இருந்து அது முடியாது, அதுக்குத்தான் பேக்அப் டிரைவ் பீரோவுல இருக்கணும்னு சொன்னேன். ரீக்ளெய்ம் ஸ்பேஸ் கேக்கும், அதுல டிலீட் ஆல் குடுக்கிறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஓனருக்கு அனுப்பி ஒரு ஓகே வாங்கிக்கோங்க.

நெட்வொர்க் பகுதியில லேன் ஆன்ல இருக்கான்னு பாருங்க, கான்ஃபிகர் உள்ள போய் ஆட்டோமேட்டிக்கா கனெக்ட் ஆகணும்ங்கிற டிக் இருக்கான்னும் பாருங்க. டிக் இல்லேன்னா இன்ஸ்டால் நல்லா முடியும், ரீபூட் ஆகும், ஆனா மெஷின் நெட்வொர்க்லயே வராது. ஹோஸ்ட்நேமும் இங்கயே வச்சுடுங்க.

சாஃப்ட்வேர் தேர்வுல ஆபீஸ்ல ஆள் உட்கார்ந்து வேலை செய்யணும்னா வொர்க்ஸ்டேஷன், வெறும் ஃபைல் சேமிக்கிற மெஷின்னா சர்வர். யூசர் உருவாக்குறப்போ அட்மினிஸ்ட்ரேட்டர் டிக்கைப் போடுங்க. ரூட்டுக்கு எஸ்எஸ்ஹெச்ல பாஸ்வேர்டோட நுழையிற டிக்கைப் போடாதீங்க. பாஸ்வேர்ட்ல இப்போதைக்கு ஆங்கில எழுத்தும் நம்பரும் மட்டும் வைங்க. எனிடெஸ்க் வழியா விஎன்சிக்குள்ள அடிக்கிறப்போ டாலர், ஹேஷ் மாதிரி குறியெல்லாம் சில சமயம் மாறி விழும், ரெண்டு கட்டத்துலயும் ஒரே மாதிரி மாறி விழுறதால இன்ஸ்டாலரும் ஒத்துக்கும், அப்புறம் லாகின் பண்ண வரவே வராது. முடிஞ்சதுக்கு அப்புறம் மாத்திக்கலாம்.

பிகின் இன்ஸ்டாலேஷன் குடுங்க. இதுக்கு நடுவுல உங்க நெட் போனா பதறாதீங்க. இன்ஸ்டாலேஷன் ஓடுறது அந்த மெஷின்ல, நீங்க பாக்குறது அதோட ஸ்கிரீனை மட்டும் தான், பென்டிரைவ்லயே எல்லாம் இருக்கிறதால அது பாட்டுக்கு ஓடும். திரும்பக் கனெக்ட் பண்ணினா விட்ட இடத்துல இருக்கும். ஆனா அந்தப்பக்கம் கரண்ட் போய் யூபிஎஸ் தாங்கலேன்னா முதல்ல இருந்து தான்.

7. ரீபூட்

முடிஞ்சதும் ரீபூட் பட்டன் வரும். அதை அழுத்துறதுக்கு முன்னாடி அக்காவை லைன்ல கூப்பிட்டு, பென்டிரைவைக் கழட்டத் தயாரா நிக்கச் சொல்லுங்க. அழுத்தினதும் விஎன்சி கட் ஆகும், மானிட்டர்ல கம்பெனி லோகோ வந்ததும் அவங்க பிடுங்கணும். பிடுங்காம விட்டா சில மெஷின் திரும்ப பென்டிரைவ்ல இருந்தே பூட் ஆகி, திரும்ப விஎன்சி வந்து நிக்கும்.

லாகின் ஸ்கிரீன் வந்துடுச்சுன்னு போட்டோ வந்ததும் லேப்டாப்ல இருந்து எஸ்எஸ்ஹெச் பண்ணிப் பாருங்க. ஐபி மாறி இருக்கலாம், ரவுட்டர் லிஸ்ட்ல பாத்துக்கோங்க, அப்படியே அந்த மெஷினோட மேக் அட்ரஸுக்கு ஒரே ஐபி வர்ற மாதிரி ரிசர்வ் பண்ணிடுங்க.

8. லேப்டாப்பைத் திருப்பிக் குடுக்கிறதுக்கு முன்னாடி

புது மெஷின்லயே டெயில்ஸ்கேல் போட்டு, உங்க வீட்டுல இருந்து நேரா உள்ள போக முடியுதான்னு பாருங்க. டெயில்ஸ்கேல்ல ஒரு மெஷினோட சாவி சாதாரணமா 180 நாள்ல காலாவதி ஆகும், அட்மின் பேஜ்ல அந்த மெஷினுக்கு மட்டும் எக்ஸ்பைரியை ஆஃப் பண்ணுங்க. விட்டா ஆறு மாசம் கழிச்சு, அநேகமா நல்ல மழை நாளா பாத்து, உள்ள போக முடியாம நிப்பீங்க.

டெஸ்க்டாப் போட்டிருந்தா ஆட்டோமேட்டிக் சஸ்பெண்டை ஆஃப் பண்ணுங்க. டிஎன்எஃப் அப்டேட் (லினக்ஸை அப்டேட் பண்ற கமாண்ட்) ஒரு தடவை முழுசா ஓட விடுங்க, பாஸ்வேர்டை மாத்துங்க. அப்டேட் முடிஞ்சதும் எஸ்எஸ்ஹெச்ல இருந்து ஒரு ரீபூட் குடுத்து, யாரும் எதையும் தொடாம தானா திரும்பி வருதான்னு பாருங்க. அப்புறம் சம்மதம் இருந்தா யூபிஎஸ்ல இருந்து மெஷின் வயரைப் பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பச் சொருகச் சொல்லுங்க, அப்போ தான் பயோஸ்ல வச்ச பவர் ஆன் செட்டிங் வேலை செய்யுதான்னு தெரியும். இது ரெண்டும் சரியா வந்தா லேப்டாப்ல இருக்கிற எனிடெஸ்க்கை எடுத்துட்டு, உரியவங்ககிட்ட குடுத்துடலாம். பென்டிரைவ் அங்கயே மேஜை டிராயர்ல இருக்கட்டும், மேல ஒரு பிளாஸ்திரி ஒட்டி "சொருகாதீங்க"ன்னு எழுதி வைக்கச் சொல்லுங்க.